தளபதி பெயரை எங்கே எழுதப் போகிறீர்கள்?

திருநெல்வேலி மாநகராட்சி மேயர், மன்ற உறுப்பினர்கள், ஆணையர் அவர்களுக்கும், தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இதே வேலையைக் கையில் வைத்திருக்கும் நகராட்சி, ஊராட்சிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தெரு, குடியிருப்பு, குளம் என்று எங்கெங்கோ ஒட்டிக் கிடக்கும் சாதிப் பெயர்களை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்கச் சொல்லி 2025 அக்டோபரில் அரசு ஆணை வந்தது. நல்ல காரியம். ஆனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைத்தாக வேண்டும். நம் சீமையில் மனுவைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கப் போகிறவர்கள் மல்லிகைத் தெரு, முல்லைத் தெரு என்று கேட்கப் போவதில்லை. ஒரு வார்டில் ஒரு படைத்தலைவர் பெயரைக் கேட்பார்கள், அடுத்த வார்டில் இன்னொரு படைத்தலைவர் பெயரைக் கேட்பார்கள். முன்வாசல் வழியாக அனுப்பி வைத்தது புறவாசல் வழியாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அந்த மனுக்களைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் ஒரு தளபதியின் பெயர் என்ன பாடு படுத்தும் என்பதை இந்த மாவட்டத்தில் எங்களைப்போல் அருகில் நின்று பார்த்தவர்கள் குறைவு. இந்த மடலில் எந்தச் சாதியின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும், அதுதான் நம் ஊரின் சிக்கலே.

1997-ஐ நினைவுபடுத்துகிறேன். அன்றைக்குத் திருநெல்வேலியில் ஓடியது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். மதுரையில் பாண்டியன், திண்டுக்கல்லில் ராணி மங்கம்மாள், நாகர்கோவிலில் நேசமணி, காரைக்குடியில் மருதுபாண்டியர். மாவட்டங்களும் அப்படித்தான்: இது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், பக்கத்தில் வ.உ.சிதம்பரனார் மாவட்டம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிதாக ஒரு கழகம் தொடங்கியபோது அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. கட்டபொம்மனின் படைத்தலைவர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர். ராஜாவின் பெயரில் ஒரு கழகம் ஓடுகிறது, அவர் தளபதியின் பெயரில் பக்கத்து மாவட்டத்தில் இன்னொன்று ஓடட்டுமே என்றுதான் எவருக்கும் தோன்றும். நடந்தது வேறு. அவர் சாதியைக் காரணம் காட்டி, அந்தப் பெயர் போட்ட வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள் சிலர். வண்டிகள் கல்லடி பட்டன. ஊருக்கு ஊர் கலவரம், உயிர்ச்சேதம். கடைசியில் அரசு ஒரே வெட்டாக எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரையும் எடுத்தது. எல்லா வண்டியும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியது.

டிப்போவில் பெயர் அழித்த நாள்கள் கண்ணிலேயே நிற்கின்றன. பெயிண்டர் முக்காலி போட்டு உட்கார்ந்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். பழைய எழுத்து லேசில் போகவில்லை. ஒரு கோட்டு அடித்தார், காய்ந்தது, அதற்குள்ளிருந்து 'பொ' மட்டும் புடைத்துக்கொண்டு தெரிந்தது. இரண்டாவது கோட்டு அடித்தார். வெயில் சாய்வாக விழுந்தால் அப்போதும் தெரிந்தது. ஓட்டுநர் ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றவர், "வெள்ளக்காரன் கயத்தாத்துல ஒரு தரம் தூக்குல போட்டான் வே, நாம டிப்போவுல வச்சுப் போடுதோம்" என்றார். சிரித்தோம். சிரிப்பதற்கு உரிய விஷயமா என்று யாரும் யோசிக்கவில்லை. பழைய பெயர் அச்சடித்த டிக்கெட் கட்டுகள் தீரும்வரை அதையும் கிழித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். பயணிகள் ஒருவரும் கேட்கவில்லை. ஆலங்குளத்துக்கு எவ்வளவு, சில்லறை இருக்கிறதா, அதுதான் அவர்கள் கேட்டது.

பஸ்ஸிலிருந்து பெயர்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பஸ் என்பது இன்றைக்கு ஓட்டப்பிடாரம் போகும், நாளைக்கு ராதாபுரம் போகும். அந்தத் தகரத்துக்கும் சுந்தரலிங்கத்துக்கும் என்ன தொடர்பு? போகிற ஊரின் பெயர் முன்னால் தெளிவாக இருந்தால் போதும். ரயில்வேக்காரர்களைப் பாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை, முத்துநகர் என்று ஊரும் மலையும் முத்தும் பார்த்து வைத்தார்கள். ஒரு கண்ணாடி உடைந்ததா? கடற்படை விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று நிலையம் அமைத்தது. 1990 முதல் அங்கேயிருந்து ஆழ்கடல் நீர்மூழ்கிகளுக்குச் சேதி போகிறது. அதுவும் சண்டையில்லாமல் நிற்கிறது, ஏனென்றால் அது சுவருக்குள் இருக்கிறது, அதற்குள் நம்மை விடமாட்டார்கள்.

என் வருத்தம் வேறு. சுந்தரலிங்கத்தின் பெயர் பஸ்ஸிலிருந்து போனதோடு, அவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டிய கடமையும் போய்விட்டது. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். முதல் தாக்குதலில் வெள்ளைக்காரப் படைக்கு நல்ல அடி. பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் பீரங்கி வரும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் சுந்தரலிங்கமும் அவருடைய முறைப்பெண் வடிவும் ஆடு மேய்ப்பவர்களைப் போலப் போய் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துத் தாங்களும் மாண்டார்கள் என்பது கவர்னகிரிப் பக்கத்து வாய்மொழி. செப்டம்பர் 8 என்று நாள் சொல்கிறார்கள். இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது வாயைப் பிளந்து கேட்கும். ஆனால் போஸ்டரில் என்ன இருக்கிறது? அவர் 'முதல்' எதுவோ. இன்னொரு சங்கத்தின் போஸ்டரில் அவர்கள் ஆள்தான் 'முதல்'. யார் முதல் என்ற வழக்கு இங்கே ஓயவே ஓயாது, கிடங்கு எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இந்தச் சண்டை எல்லாம் ஆணை போட்டு வைத்த பெயர்களுக்குத்தான். தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. தளவாய்.

விஜயநகரத்திலும் மதுரை நாயக்கர் ஆட்சியிலும் படைக்குத் தலைவர் தளவாய். மதுரையின் முதல் நாயக்கரான விசுவநாதருக்குத் தளவாயாக இருந்தவர் அரியநாதர். தொண்டை நாட்டிலிருந்து வந்தவர். நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். மீனாட்சி கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில் குதிரைமேல் இருக்கும் சிலை அவருடையது. கயத்தாற்றுப் பக்கம் பாண்டியர் ஐவரோடு நடந்த போரில் அவர் பேச்சு வரும். திருநெல்வேலியை விரிவாக்கியதிலும் அவர் பெயரைச் சொல்வார்கள். நம் ஊர் மேடைத் தளவாய் குடும்பம் அவர் வழி. இன்றைக்கு நாம் ஜங்ஷன் என்று சொல்லும் பகுதியின் பழைய பெயர் வீரராகவபுரம். அது அந்தக் குடும்பத்து வீரராகவர் பெயர், பக்கத்து மீனாட்சிபுரம் அவர் மனைவியின் பெயர் என்று ஊரில் சொல்வது வழக்கம். புருஷனின் பெயரை ஜங்ஷன் விழுங்கிவிட்டது. மனைவியின் பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கிறது.

தளவாய்புரங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, பணகுடிப் பக்கம் ஒன்று. ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரத்தில்தான் பராந்தக வீரநாராயண பாண்டியனின் செப்பேடு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டிய ராஜாவின் செப்பேட்டை உலகமெல்லாம் தளவாய்புரம் செப்பேடு என்றுதான் சொல்கிறது. ராஜா பல நூற்றாண்டு முந்தியவர், தளவாய் என்ற பதவியே பிந்தியது. இருந்தும் ராஜாவின் பட்டயம் தளபதியின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது.

அதோடு முடியவில்லை. பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம் இல்லையா, அங்கே சாஸ்தா சந்நிதிக்கு வெளியே சுதை பூசிய பீடங்கள் வரிசையாக இருக்கும். வெள்ளையடித்துக் காவிப்பட்டை போட்டிருக்கும். அதில் ஒன்றைக் காட்டி "இது தளவாய் மாடன்" என்பார் பூசாரி. சில இடங்களில் சாஸ்தாவின் படைத்தலைவன் என்றே சொல்வார்கள். சுடலைமாடன் கோயில்களிலும் பரிவாரமாக நிற்கிறார். கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு உண்டு, கிடா உண்டு, சுருட்டு உண்டு. பிள்ளை இல்லாதவர்கள் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்குத் தளவாய் என்றே பெயர் வைக்கிறார்கள். எங்கள் டிப்போவிலேயே தளவாய்கள் இருந்தார்கள், ஒரே சாதிக்காரர்கள் இல்லை. சம்பளப் பட்டியலில் இனிஷியலைப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நாயக்கர் காலத்துச் சேனாதிபதியின் பட்டம் எப்படி இத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது? எவரும் அரசாணை போடவில்லை. எவரும் கல்வெட்டைத் திறந்து வைக்கவில்லை. காவல் காக்கும் வேலையை ஜனங்கள் ஒரு பீடத்துக்குக் கொடுத்தார்கள், அந்த வேலைக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பெயரையே வைத்தார்கள். வேலையும் பெயரும் சேர்ந்தே இருப்பதால் அது நிற்கிறது. என் வேண்டுகோள் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது: தளபதியின் பெயரை அவர் வேலை பார்த்த இடத்தில் வையுங்கள், என்ன வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நெற்கட்டும்செவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1755-இல் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து பூலித்தேவரின் கோட்டையை அசைக்க முடியாமல் திரும்பிய மண் அது. பூலித்தேவருக்கு ஒண்டிவீரன் ஒரு தளபதி, வெண்ணிக் காலாடி ஒரு தளபதி. தென்மலையில் இருந்த எதிரி முகாமுக்குள் ஒண்டிவீரன் தனியாளாகப் புகுந்து வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தபோது, குதிரை கட்ட அடித்த முளை அவர் கையைத் துளைத்தது, சத்தம் போடாமல் அந்தக் கையையே வெட்டிக்கொண்டு வேலையை முடித்தார் என்று கதை. காலாடியின் வயிறு கிழிந்தது, தலைப்பாகைத் துணியால் குடலை வைத்துக் கட்டிக்கொண்டு சண்டையை முடித்துப் பூலித்தேவர் முன்னால் வந்து விழுந்தார் என்று கதை. விழுந்த இடத்தில் கல் நட்டார்கள், அது காலாடி மேடு ஆனது என்கிறார்கள். பாருங்கள், ஒரு மேடு. அந்த மேட்டின் பெயரைக் கேட்டால் ஆள், இடம், சாவு மூன்றும் ஒன்றாக வந்துவிடுகின்றன. இதைவிட நல்ல பெயர்ப்பலகையை எந்தப் பொதுப்பணித்துறையாலும் செய்ய முடியாது.

ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். 2022 ஆகஸ்ட் 20-இல் அவருக்கு அஞ்சல் தலையும் வெளியிட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். நடுவில் 12 நாள். இரண்டுக்கும் ஒரே தடையுத்தரவு, இரண்டு பந்தோபஸ்து. வாடகை வண்டியில் வரக்கூடாது, அனுமதிச் சீட்டு வேண்டும், இந்த வழியாகத்தான் போக வேண்டும். சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் வழித்தடத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த வாரங்கள் தெரியும். ஒரே கோட்டைக்குள் ஒரே பக்கம் நின்று சண்டை போட்ட ராஜாவுக்கும் தளபதிக்கும் நடுவே இன்றைக்கு நாம் போலீஸ் தடுப்பு வைத்திருக்கிறோம்.

இதில் உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ராஜாவின் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே தளபதியின் பெயரும் இருக்க வேண்டும், தளபதியின் மண்டபத்தில் ராஜாவின் பெயரும் இருக்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைக்கு வருகிற பிள்ளை, சுந்தரலிங்கத்தையும் வெள்ளையத்தேவனையும் ஊமைத்துரையையும் தானாபதிப் பிள்ளையையும் ஒரே சுவரில் படிக்க வேண்டும். வெள்ளையத்தேவனைப் பார்க்க வல்லநாட்டுக்குத் தனியாக ஒரு கூட்டம், சுந்தரலிங்கத்தைப் பார்க்கக் கவர்னகிரிக்குத் தனியாக ஒரு கூட்டம், கட்டபொம்மனைப் பார்க்கக் கயத்தாற்றுக்குத் தனியாக ஒரு கூட்டம் என்று போய்க்கொண்டிருந்தால், 1799-இல் இவர்கள் எல்லாம் ஒரே கோட்டைக்குள் இருந்தார்கள் என்பதே ஒரு தலைமுறைக்குள் மறந்து போகும். பிரிந்து பிரிந்து கும்பிடுவது அவரவர் விருப்பம். பலகையாவது சேர்த்து எழுதட்டும்.

அடுத்தது, சங்கடமான தளபதிகள். எல்லாப் படைத்தலைவர்களும் நமக்காகவே சண்டை போட்டவர்கள் இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. கான் சாகிப் என்ற யூசுப் கான், மருதநாயகம் என்று நாம் சொல்பவர், அவருடைய பெயர். கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் படை நடத்தியவர். மதுரை, திருநெல்வேலி சீமைகளை ஆண்டவர். 1761-இல் நெற்கட்டும்செவலைப் பிடித்தவரும் அவர்தான். அப்புறம் அதே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கில் தொங்கியவரும் அவர்தான். அவருக்குப் பலகை வைத்தால் எதை எழுதுவீர்கள்? பூலித்தேவர் ஊரில் அவர் எதிரி. மதுரை சம்மட்டிபுரத்தில் அவருக்குத் தர்கா, விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். இரண்டையும் எழுதுங்கள் என்பேன். படிக்கிறவன் முடிவு பண்ணிக்கொள்வான், அவனும் சோறுதான் தின்கிறான்.

திருவிதாங்கூரின் இராமய்யன் தளவாய் இன்னொருவர். மார்த்தாண்ட வர்மாவின் வலது கை. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்ற காலத்தில் அந்த நாட்டின் தளவாய் அவர். பிறந்தது நம் ஏர்வாடி என்று திருவிதாங்கூர் வரலாறு எழுதியிருக்கிறது. ஏர்வாடியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏர்வாடி பேரூராட்சிக்காரர்கள் இந்த மடலைப் படித்தால் கொஞ்சம் யோசியுங்கள். மங்கம்மாள் பெயரில் நம் பக்கம் சாலைகள் சொல்வார்கள், நிழலுக்கு மரம் வைத்த புண்ணியம். 1697-இல் அவருக்காகப் படையெடுத்துப் போய்த் திருவிதாங்கூரிடம் திறை வாங்கி வந்த தளவாய் நரசப்பய்யாவுக்கு ஒரு முடுக்கு கூட இல்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சண்டை போட்டவனைவிட மரம் வைத்தவளை ஜனங்கள் நினைவில் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த தளபதி ஒருவர் உண்டு, அவரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மானூர் பக்கத்து உக்கிரன்கோட்டை, பாண்டியர் காலத்தில் கரவந்தபுரம். அந்த ஊர்க்காரர் சாத்தன் கணபதி. நெடுஞ்சடையன் என்ற பாண்டிய ராஜாவிடம் படைத்தலைவர், மகாசாமந்தர். 773-இல் திருப்பரங்குன்றத்துக் கோயிலையும் குளத்தையும் திருத்திப் புதுக்கினார் என்று அங்கேயே பாறையில் வெட்டியிருக்கிறது. அவர் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் சேட்டை என்ற மூத்த தேவிக்கும் கோயில் எடுத்ததும் அதிலே இருக்கிறது. மதுரைக்காரர்கள் கும்பிடும் மலையைத் திருத்தியது நம் மானூர் பக்கத்து ஆள், அவர் வீட்டம்மாவின் பெயரோடு. 1,250 வருஷத்துக்கு முந்தி ஒரு தளபதி தன் மனைவி பெயரைச் சேர்த்து வெட்ட விட்டிருக்கிறார். நாம் திறப்பு விழாக் கல்வெட்டில் வார்டு உறுப்பினர் பெயரைச் சேர்க்கவே அடித்துக்கொள்கிறோம். சாத்தன் கணபதியை இன்னும் எந்தச் சங்கமும் தங்கள் ஆள் என்று சொல்லவில்லை. அதனால்தான் திருநெல்வேலியில் அவர் பெயரில் ஒரு சந்து கூட இல்லை என்று நினைக்கிறேன். கேட்க ஆள் இல்லாத பெயரை வைப்பதற்கு மன்றத்தில் யாராவது ஒருவர் கை தூக்குங்கள். மானூர் சாலையில் ஒரு இடம் போதும்.

இனி ஆணையை நடைமுறைப்படுத்துவது பற்றி. சாதிப் பெயரை எடுக்கும்போது கத்தி எங்கே போகிறது என்று பார்த்து வெட்டுங்கள். தாமிரபரணிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1843-இல் கட்டிய அந்தப் பாலம் சுலோச்சன முதலியார் பெயரில் இருக்கிறது. சொந்தப் பணத்தைக் கொட்டியவர் என்று பெயரோடு சேர்த்தே கதையும் நிற்கிறது. அதில் பாதியை வெட்டி 'சுலோச்சன பாலம்' என்று போட்டால் வெளியூர்க்காரன் யாரோ ஒரு அம்மாவின் பெயர் என்று நினைப்பான். ஒரு மனிதரின் முழுப்பெயர் வேறு, ஒரு கூட்டத்தின் பெயரால் பிரித்து வைத்த தெரு வேறு. இரண்டையும் ஒரே பெயிண்டு டப்பாவால் அடிக்காதீர்கள்.

புதிதாக ஒரு தளபதியின் பெயர் கேட்டு மனு வந்தால், மனுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? பிறந்தாரா, சண்டை போட்டாரா, குளம் வெட்டினாரா, அந்த வழியாகப் படை போனதா? தொடர்பு இருந்தால் வையுங்கள், யார் எதிர்த்தாலும் வையுங்கள். பதில் "எங்க ஆளுங்க இங்க அதிகம்" என்பதாக இருந்தால் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தெருவுக்கு ஆற்றுப் பெயரோ வயல் பெயரோ இருக்கும், பழைய ஆள்களைக் கேட்டால் சொல்வார்கள். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று நம் வாய்க்கால்களுக்கே எத்தனை நல்ல பெயர்கள்!

பலகையில் எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. நம் பலகைகளில் திறந்து வைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில், முன்னிலை வகித்தவர் பெயர் அடுத்த அளவில், யாருக்காகத் திறந்தோமோ அவர் பெயர் மேலே ஒரு வரி. அவர் யார் என்பது எங்கேயும் இல்லை. இதைத் தலைகீழாக்குங்கள். ஆள் பெயர், யாருடைய படையில் இருந்தார், எந்த வருஷம், எந்த இடத்தில் என்ன செய்தார், நான்கு வரி. கல்வெட்டிலோ காகிதத்திலோ இருப்பதை அப்படியே எழுதுங்கள். வாய்மொழியாக வருவதை 'ஊரில் சொல்வார்கள்' என்று போட்டு எழுதுங்கள். இரண்டுக்கும் மரியாதை உண்டு, ஆனால் ஒன்றை இன்னொன்றாகக் காட்டினால் அடுத்த சண்டைக்கு நாமே விறகு அடுக்கியது மாதிரி. 'முதல்' என்ற வார்த்தையை எந்தப் பலகையிலும் அனுமதிக்காதீர்கள். நிறமும் அப்படியே. தெருவுக்குத் தெரு கம்பத்தில் இரண்டு நிறம், மூன்று நிறம் அடித்து எல்லை காட்டுவது நடக்கிறது. அதே நிறத்தில் தளபதியின் பலகை வந்தால் பெயரைப் படிக்கும் முன்னாலேயே பார்க்கிறவன் மனம் முடிவு பண்ணிவிடும். மாநகராட்சிப் பலகைக்கு என்ன நிறமோ அதுவே எல்லாருக்கும் இருக்கட்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன். கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பஸ் ஏறும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன், படிக்கட்டில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதிலிருந்தே தகராறு தொடங்கும். 2023-இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது, அவர்களும் அறிக்கை கொடுத்தார்கள். அந்தப் பையன்களிடம் ஒண்டிவீரன் கதையைச் சொல்லிப் பார்த்தவன் நான், ஆலங்குளம் தாண்டியதும் நெரிசல் குறைந்த வண்டியில். பெயரைச் சொல்லவில்லை, கையை வெட்டிக்கொண்ட கதையை மட்டும் சொன்னேன். "யார் அண்ணாச்சி அது?" என்று இரண்டு நிறக் கயிறும் ஒன்றாகத்தான் கேட்டது. பெயரைச் சொன்னதும் ஒருவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்னொருவன் கைதட்டினான். அதனால்தான் சொல்கிறேன், பலகையில் முதலில் வேலை வரட்டும், பெயர் இரண்டாவது வரியில் வந்தாலும் குறைச்சல் இல்லை.

மாநகராட்சியிடம் கடைசியாக ஒன்று. பெயர் மாற்றத் தீர்மானங்கள் மன்றத்துக்கு வருவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால், பழைய பெயர், புதுப் பெயர், காரணம் மூன்றையும் வார்டு அலுவலகத்தின் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைக்காதீர்கள், வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வரமுடியாது, சங்கக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள். வீரராகவபுரம் என்ற பெயரை ஜங்ஷன் பஸ் நிலையத்தில் ஒரு மூலையிலாவது நான்கு வரிப் பலகையாக வைக்க வேண்டும் என்ற மனுவை நானே எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் வைத்தால் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
திருநெல்வேலி டவுன்.